வரவேற்பு வேறு, அணியில் இடம் வேறு

கேள்வி: எமது ஊர்க் கழகத்தின் நட்சத்திர முன்கள வீரராக இருந்தவர், இடையில் பக்கத்து ஊர்க் கழகத்துக்கு மாறி எமக்கு எதிராகவே கோல் போட்டவர், பிறகு வெளிநாடு சென்று, இப்போது திரும்பி வந்து மீண்டும் எமக்காக ஆட விரும்புகிறார். நிர்வாகம் சம்மதித்துவிட்டது. ரசிகர்களில் பலர் முணுமுணுக்கிறார்கள். எவர்டன் ரசிகர்கள் ரூனியைக் கைதட்டி வரவேற்கவில்லையா? எம்மவர்களுக்கு மட்டும் ஏன் நன்றி என்பதே இல்லை?
(வாசகர் ஒருவர், யாழ்ப்பாணம்)

பதில்: கேள்வியிலேயே தீர்ப்பையும் எழுதிவிட்டு, அதன் கீழ் என்னிடம் கையொப்பம் கேட்கிறீர்கள், தருவதற்கில்லை. ரூனியை உதாரணம் காட்டியது நல்லதுதான். ஆனால் அந்தக் கதையில் உங்களுக்கு வசதியான பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், எவர்டன் உதைபந்தாட்டக் கழகத்தின் ரசிகராகவே வளர்ந்து அதற்கே ஆடவந்த வெயின் ரூனி, 2002 ஒக்டோபரில், 17 வயது நிறைய ஐந்து நாள்கள் இருந்தபோது, அப்போதைய சம்பியனான ஆர்சனலுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் அடித்த கோலால் நாடறிந்தவரானார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், இளையோர் கிண்ண இறுதியாட்டத்தில், ஒருமுறை நீலமானவன் என்றும் நீலமே என்ற பொருள்பட எழுதிய உள்பனியனைத் தூக்கிக் காட்டியவரும் அவரே. நீலம் எவர்டனின் நிறம். இரண்டே ஆண்டுகளில், 2004 ஓகஸ்டில், அவர் மன்செஸ்டர் யுனைட்டட்டின் சிவப்புக்கு மாறினார். அதன் பின்னர் எவர்டனின் குடிசன் பார்க் மைதானத்துக்கு எதிரணி வீரராக வந்தபோதெல்லாம் அவரைக் கூச்சலிட்டு வைதவர்கள், நீங்கள் இன்று மெச்சுகின்ற அதே ரசிகர்கள்தாம். அவரும் சும்மா இருக்கவில்லை. அந்த மைதானத்தில் நின்றுகொண்டே யுனைட்டட்டின் சின்னத்தை முத்தமிட்டுக் காட்டினார். யுனைட்டட்டுக்காக 253 கோல்கள் அடித்து பொபி சார்ள்டனின் கழகச் சாதனையை முறியடித்த பிறகு, 2017 ஜூலையில், 31 வயதில் எவர்டனுக்குத் திரும்பினார்.

கைதட்டினார்கள், உண்மை. அந்தப் பருவத்தின் முதல் லீக் ஆட்டத்தில் ஸ்டோக் சிற்றிக்கு எதிராக அவர் தலையால் முட்டிப் போட்ட ஒரே கோல் வெற்றியைத் தந்தபோது மைதானமே எழுந்து நின்றது. நவம்பரில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். அவற்றில் ஒன்று தன் பாதிக்குள் நின்றே தூக்கி அடித்தது. ஆனாலும் அவர்களின் முணுமுணுப்பு நிற்கவில்லை, அதற்குக் காரணமும் இருந்தது. முந்தைய பருவத்தில் லீக் ஆட்டங்களில் மட்டும் 25 கோல்கள் அடித்திருந்த ரொமேலு லுகாகுவை யுனைட்டட்டுக்கு விற்ற நிர்வாகம், அவருடைய இடத்தை நிரப்பத் தகுந்த ஒரு மைய முன்கள வீரரை வாங்காமல், ஏறத்தாழ ஒரே இடத்தில் ஆடக்கூடிய ரூனி, சிகுர்ட்ஸன், கிளாசன் ஆகிய மூவரையும் ஒரே கோடையில் சேர்த்துக்கொண்டது. முந்தைய பருவத்தில் 62 லீக் கோல்கள் போட்ட எவர்டன், ரூனி திரும்பிய பருவத்தில் 44 கோல்களே போட்டது. அவற்றில் 10 ரூனியுடையவை; கழகத்தில் அதிக கோல் அடித்தவரும் அவரே. பருவம் முடிந்ததும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் எவர்டன் ரசிகரை நன்றிகெட்டவர் என்பீர்களா? தம் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான் என்ற மகிழ்ச்சியும், எதிரணியின் கோலுக்கு முன்னால் பெட்டிக்குள் பந்துக்குக் காத்திருக்க ஆளில்லையே என்ற எரிச்சலும் அவருக்கு ஒரே மாலையில் வந்தன. இரண்டும் நியாயமானவை. ஒன்று வீரரைப் பற்றியது, மற்றது நிர்வாகத்தைப் பற்றியது. உங்கள் ஊர் ரசிகர்களிடம் இவ்விரண்டும் கலந்து வருவதால், எல்லாமே வீரருக்கு எதிரானவை என்று உங்கள் காதில் விழுகின்றன.

துரையப்பா விளையாட்டரங்கில் இறுதியாட்டம் நடக்கும் மாலைகளில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். "உவன் என்னத்துக்கு இப்ப வந்தவன்?" என்று முதல் பாதி முழுவதும் பொருமிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர், பழைய வீரரின் காலில் பந்து பட்டதும் தன்னையறியாமல் எழுந்து, "அவனிட்டக் குடு, அவனிட்டக் குடு" என்று தொண்டை கிழியக் கத்துவார். பந்து வெளியே போனால் மறுபடியும் பொருமல் தொடங்கும். இந்த மனிதரை நன்றியில்லாதவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பழையதை மறந்த ஒருவருக்குப் பொருமவும் தெரியாது.

திரும்பி வருபவர் எந்த இடத்துக்கு வருகிறார் என்பதைக் கவனியுங்கள். ஆர்சனலின் முன்னாள் நட்சத்திரம் தியரி ஹென்றி 2012 ஜனவரியில் இரவல் வீரராகச் சில வாரங்களுக்கு வந்தபோது, மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. அவர் முன்பு அணிந்த 14ஆம் இலக்க ஜேர்சி அப்போது தியோ வோல்கொட்டிடம் இருந்தது. சிலைக்குரிய மனிதர் 12ஆம் இலக்கத்தை அணிந்துகொண்டு பதில் வீரராக வாங்கில் அமர்ந்தார். லீட்ஸுக்கு எதிரான கிண்ண ஆட்டத்தில் பிற்பாதியில் இறங்கி அந்த ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டார். சண்டர்லாண்டில் கடைசி நேரத்தில் ஒரு வெற்றிக் கோல் அடித்தார். பிறகு திரும்பிப் போனார். அந்த வருகையைப் பற்றிக் குறை சொல்லும் ஆர்சனல் ரசிகரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

2021இல் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்குத் திரும்பிய ரொனால்டோவுக்கோ, கவானி அணிந்திருந்த 7ஆம் இலக்கமும் கிடைத்தது, அணியின் முழு ஆட்டமும் அவரைச் சுற்றி மாற்றியமைக்கப்பட்டது. அவர் தன் வேலையைச் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் 18 கோல்கள் அடித்தார். ஆனால் முந்தைய பருவத்தில் 73 கோல்களுடன் இரண்டாமிடம் பெற்ற அணி, அவர் வந்த பருவத்தில் 57 கோல்கள் போட்டு, அதே 57 கோல்களை வாங்கி, ஆறாமிடத்துக்கு இறங்கியது. 2022 ஒக்டோபரில் ரொட்டன்ஹாமுக்கு எதிரான ஆட்டத்தில், பதில் வீரராக இறங்க மறுத்து, ஆட்டம் முடியும் முன்பே அவர் வெளியேறினார். அடுத்த மாதம் ஒப்பந்தமும் முடிந்தது. முதல் நாள் தொண்டை கிழியப் பாடிய ரசிகர்கள் ஓராண்டில் இரண்டாகப் பிளந்து நின்றதற்கு நன்றியின்மை காரணமன்று. யாருக்கு எந்த வேலை என்று முதலிலேயே பேசி முடிவெடுக்காத நிர்வாகத்தையே நான் குற்றம் சொல்வேன்.

இனி உங்கள் கழகத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடமின்மையால் இங்கே சுருக்கியிருக்கிறேன். அந்த நான்கு பக்கங்களிலும் முன்னாள் நட்சத்திரம் அடித்த கோல்கள் ஒவ்வொன்றும் விவரிக்கப்பட்டிருக்கின்றன, அவர் கழகத்துக்குப் புதிய ஜேர்சிகள் வாங்கித் தந்ததும் சொல்லப்பட்டிருக்கிறது. அவர் இறங்கப்போகும் இடத்தில் இன்று யார் ஆடுகிறார் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. பாடசாலை முடிந்து வந்து, பொழுதுபடும் வரை பயிற்சியில் ஓடி, அணிக்கு ஒன்பது பேர் ஆடும் மின்னொளித் தொடர்களில் கணுக்கால் வீங்க அடிவாங்கி, இந்த வருடந்தான் முதல் அணிக்குள் வந்த ஒரு பெடியன் அங்கே கட்டாயம் இருப்பான். ஊர் முணுமுணுப்பதில் பாதி அவனுக்காக என்பதை நீங்கள் விசாரித்துப் பார்க்கவில்லை போலும். ஆவணி விடுமுறைக்கு வருகிறவர்கள் ஜேர்சியும் பந்தும் வாங்கித் தருவதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த உதவி இல்லாவிட்டால் எமது குடாநாட்டில் பல கழகங்கள் தொடர்களில் இறங்கவே முடியாது. ஆனால் ஜேர்சி தந்தவருக்கு முன்களத்தைத் தருவது என்பது வேறு கணக்கு. (இப்படி எழுதியதற்காக எமது இதழுக்கு வரும் வெளிநாட்டு விளம்பரங்கள் இரண்டு குறையலாம், குறையட்டும்.)

பக்கத்து ஊருக்குப் போய் உங்களுக்கு எதிராகக் கோல் போட்டதை மன்னிப்பதா என்றும் கேட்டிருந்தீர்கள். அது பெரிய விடயமே அல்ல. ஆடுகிறவன் கோல் போடத்தான் செய்வான். அன்று உங்கள் பின்களம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பதே பொருத்தம்.

அவரை வரவேற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மாலை போடுங்கள், மேடையில் இருத்துங்கள், பழைய ஆட்டங்களைப் பற்றி இளையவர்களிடம் பேசச் சொல்லுங்கள். ஆனால் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து இரண்டு விடயங்களை வாய்விட்டுக் கேளுங்கள்: மற்றவர்கள் வரும் அதே நேரத்துக்கு அவரும் பயிற்சிக்கு வருவாரா, முதல் ஆட்டத்தில் பதில் வீரராக வாங்கில் இருக்கச் சம்மதிப்பாரா? இரண்டுக்கும் ஆம் என்றால், முணுமுணுப்பவர்களில் பெரும்பாலோர் அவர் இறங்கும்போது எழுந்து நிற்பார்கள். இல்லை என்றால், அடுத்த கடிதத்தில் ரசிகர்களை விட்டுவிட்டு உங்கள் செயலாளரைப் பற்றி எழுதுங்கள். அதைச் சுருக்காமல் வெளியிடுகிறேன்.