ஃபான் சுற்றுகிறது, திரை வரவில்லை: புது மதர்போட்டும் பழைய ராமும்

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா, கடைக் கொம்பியூட்டரின் மதர்போட் செத்துவிட்டது. கொழும்பில் இருந்து பி760 என்ற வகைப் புது போட்டும் 13ஆம் தலைமுறை ஐ5 புரொசெசரும் எடுப்பித்தேன். பழைய 8 ஜிபி டிடிஆர்4 ராம் கையில் இருந்தது. மலிவாகக் கிடைத்ததென்று பாவித்த 16 ஜிபி ராம் ஒன்றும் வாங்கி, இரண்டையும் புரொசெசருக்குக் கிட்ட உள்ள முதல் இரண்டு ஸ்லொட்டில் போட்டேன். ஃபான் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. ராமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லைற் அணையாமல் எரிகிறது. போட் பழுது, திருப்பி அனுப்புங்கள் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். படங்களும் அனுப்பியிருக்கிறேன். போட்டைத் திருப்பி அனுப்பட்டுமா?"

வேண்டாம் தங்கச்சி, இப்போதைக்கு அனுப்பாதீர்கள். ஏறத்தாழ 300 கிலோமீற்றர் போய்த் திரும்பி வரும்வரை உங்கள் கடைதான் பூட்டிக் கிடக்கும். அந்தச் சின்ன லைற் எரிவது ஒரு வகையில் நல்ல சேதி. பல புது போட்டுகளில் புரொசெசர், ராம், கிராபிக்ஸ், பூட் (விண்டோஸ் தொடங்குவது) என்று நான்கு லைற் இருக்கும். போட் எந்த இடத்தில் தடக்கி நிற்கிறதோ அந்த லைற் அணையாமல் எரியும். உங்களுடையது புரொசெசரைத் தாண்டி வந்து ராமில் நிற்கிறது.

முதலில் எவருக்கும் வரும் சந்தேகம், போட் டிடிஆர்4க்கு அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்5க்கு உரியதாக இருக்குமோ என்பது. பி760 இல் இரண்டு வகையும் விற்கிறார்கள். ராமின் அடியில் இருக்கும் தங்கநிறப் பற்கள் இரண்டிலும் 288தான். ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, மின்னழுத்தமும் வேறு (டிடிஆர்4க்கு 1.2 வோல்ற், டிடிஆர்5க்கு 1.1). அதனால் ஒன்று மற்றதின் ஸ்லொட்டில் இறங்காது. உங்கள் போட்டின் பெயர் டி4 (அதாவது டிடிஆர்4) என்று முடிகிறது, ராமும் முழுதாக இறங்கியிருக்கிறது. ஆகவே இது இல்லை.

விஷயம் நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் இருக்கிறது. அந்த 16 ஜிபி ராமின் ஸ்டிக்கரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிசி4-2400டி (PC4-2400T) என்ற எழுத்துக்குப் பிறகு ஒரு சின்னக் கோடு, அதற்கடுத்து 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து. உங்கள் பழைய 8 ஜிபியில் அதே இடத்தில் 'யூ' இருக்கிறது. அந்த ஒற்றை எழுத்துத்தான் முழுப் பிரச்சினையும். 'ஆர்' என்றால் சேர்வர் ராம், அதாவது நிறுவனங்களின் பெரிய கொம்பியூட்டர்களுக்கானது. நடுவில் மற்றவற்றோடு ஒட்டாத ஒரு சிப் இருக்கிறதே, அது புரொசெசர் அனுப்பும் கட்டளைகளை வாங்கி மற்ற சிப்புகளுக்குக் கொடுக்கும் இடையாள். வீட்டு, கடைப் பாவனைக்கான புரொசெசருக்கு அந்த இடையாளோடு பேசத் தெரியாது. டிடிஆர்4 இல் இந்த ராமும் அதே ஸ்லொட்டில், அதே வெட்டில், அழகாக இறங்கிவிடும். அதனால்தான் இவ்வளவு பேர் ஏமாறுகிறார்கள். பழைய சேர்வர்களில் கழற்றியவை மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. தெரியாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள். பல வருடங்களுக்கு முன் நானும் ஒருவருக்கு இப்படி ஒன்றை வாங்கிப் போட்டு, மூன்று நாள் மதர்போட்டைச் சந்தேகித்தேன். அந்த மூன்று நாளும் அவருடைய வேலை நின்றது. அன்றிலிருந்து, ஸ்டிக்கரை வாசிக்காமல் ராமைக் கையில் எடுப்பதில்லை.

சரி, இனிச் செய்ய வேண்டியது. பிளக்கைக் கழற்றுங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அமத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். பெட்டியின் வெறும் இரும்பை ஒருதரம் தொட்டுவிட்டு இரண்டு ராமையும் கழற்றுங்கள். 16 ஜிபியைத் தள்ளி வையுங்கள்.

பழைய 8 ஜிபியின் பற்களை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். மங்கலாக, செம்மண் பூசியதுபோல இருக்கும். சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் கிரவல் றோட்டோரக் கடைகளில் திறக்கும் பெட்டி எல்லாவற்றிலும் இதைத்தான் பார்க்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால், மேலிருந்து கீழாக, ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். தங்கம் பளிச்சென்று வரும். துகளைத் துடைத்துவிடுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும்.

நான்கு ஸ்லொட் உள்ள போட்டில் ஒற்றை ராம் போவது புரொசெசரில் இருந்து எண்ணி இரண்டாவதில். பெரும்பாலான போட்டுகளில் அதற்கு ஏ2 என்று பெயர், பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 'டக்' என்று பூட்டும்வரை இரண்டு முனையையும் அமத்துங்கள். புது போட் வளையுமே என்று பயந்து அரைகுறையாக விடுபவர்கள் அதிகம். பிறகு காசு வடிவத்தில் உள்ள சிஆர்2032 பற்றரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துத் திரும்பப் போடுங்கள், பயோஸ் (போட்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அமைப்புகள் தொடக்க நிலைக்கு வந்துவிடும்.

இப்போது பிளக்கைச் செருகி, பவரைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். புது போட் முதல்முறை ராமைப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், தானாக ஓரிரு தடவை நின்று எழும்பவும் கூடும். ஐந்து நிமிடத்துக்குள் கை வைக்காதீர்கள். நம் பக்கம் கரண்ட் போய் வருவதால், இந்த வேலையை யுபிஎஸ்ஸில் செய்தால் நல்லது.

அதற்கும் திரை வராவிட்டால் ராமை மற்ற ஸ்லொட்டுகளில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எதிலும் வராவிட்டால், தெரிந்தவர் ஒருவரின் வேலை செய்யும் டிடிஆர்4 ராமை இரவல் வாங்கிப் போடுங்கள். அதிலும் வராவிட்டால் புரொசெசரின் மேல் உள்ள கூலரையும் புரொசெசரையும் கழற்றி, அது இருந்த சொக்கெட்டில் ஒரு ஊசியாவது வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூலரை ஒரு பக்கம் கூடுதலாக இறுக்கினாலும் ராம் தெரியாமல் போவதுண்டு. அதைத் தனியாகச் செய்யாமல் என்னிடம் கொண்டு வாருங்கள்.

திரை வந்த பிறகு, போட்டோ வேலைக்கு 8 ஜிபி போதாதுதான். இன்னொன்றைத் தேடிச் சேர்ப்பதைவிட, 8 ஜிபி இரண்டு உள்ள ஒரே சோடி, 3200 வேக டிடிஆர்4 ராம் வாங்குவதே என் விருப்பம். அவற்றை இரண்டாவது, நான்காவது ஸ்லொட்டில் போடுங்கள். போட் நிறுவனத்தின் தளத்தில் சோதித்த ராம்களின் பட்டியல் இருக்கும், போனிலேயே பார்க்கலாம். பாவித்ததுதான் வாங்குகிறீர்கள் என்றால், காசு போடுவதற்கு முன் ஸ்டிக்கரைக் கிட்ட வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோட்டுக்கு அடுத்த எழுத்து 'யூ' என்று தெளிவாகத் தெரியாவிட்டால் வாங்க வேண்டாம்.