குரலும் சுவரும்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசும் ஒரு பாட்காஸ்ட் தொடங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வீட்டிலிருந்துதான் செய்ய முடியும். ஒதுக்க முடிந்த பணமும் குறைவு. நான்கு மாதமாக மைக் பற்றிய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மைக் வகையில் கண்டென்சரா டைனமிக்கா, இணைப்பில் யூஎஸ்பியா எக்ஸ்எல்ஆரா என்று குழப்பம்தான் கூடியிருக்கிறது. முதலில் மைக் வாங்கவா, சுவரில் ஒட்டும் ஃபோம் வாங்கவா? ஒரு பகுதி எத்தனை நிமிடம் இருக்கலாம்? தொடக்க இசை அவசியமா?

இன்னொன்று. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஒருமுறை போனில் பதிவுசெய்து கேட்டேன், அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். எழுதிக் கொடுத்தால் செயற்கைக் குரலே அழகாகப் படித்துவிடுகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஒரு பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். கேசட் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

நான்கு மாதம் வீடியோ பார்த்திருக்கிறீர்கள். அந்த நான்கு மாதத்தில் நீங்கள் பேசிப் பதிவுசெய்தது அரை நிமிடம். அதையும் முழுதாகக் கேட்கவில்லை. பணம் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் உங்களைத் தடுத்து நிறுத்தியிருப்பது பணம் இல்லை. கையில் போன் இருக்கிறது, அதில் மைக் இருக்கிறது, பேசுவதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. இன்னும் யாரிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறீர்கள்?

2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி, பேச்சைப் பதிவுசெய்து இணையத்தில் வெளியிடும் இந்தப் புதுப் பழக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இதை என்னவென்று அழைக்கலாம் என்று அவர் சொல்லிப் பார்த்த பெயர்களில் ஒன்றுதான் பாட்காஸ்டிங். இது தழைக்கும் என்பதற்கு அவர் காட்டிய காரணங்களில் ஒன்று, ஒலிப்பதிவு மென்பொருள்கள் மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கத் தொடங்கியது. கையில் காசில்லாதவர்களும் பேசலாம் என்ற நிலை வந்ததால் பிறந்த ஊடகம் இது. அதற்குள் நுழைய ஒரு பட்டியல் சாமான் வேண்டும் என்று உங்களை நம்பவைத்திருக்கிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம். வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும். 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

எத்தனை நிமிடம்? சொல்ல இருப்பது தீரும்வரை. தொடக்க இசை? வேண்டாம். மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், நொடிக்கு 64 கிலோபிட் (64 கேபிபிஎஸ்) எம்பி3 ஆகச் சேமித்தால் அரை மணி நேரப் பேச்சு 14 எம்பி அளவில் அடங்கிவிடும், பேச்சுக்கு அது தாராளம். இவற்றுக்கெல்லாம் பதில் ஒரு மாலையில் கிடைத்துவிடும். குரலுக்கு வருவோம்.

பதிவில் கேட்கும் உங்கள் குரல் உங்களுக்கு அந்நியமாக இருப்பதில் வியப்பில்லை. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு கனத்த ஒலிகளை நன்றாகக் கடத்தும். அதனால் உள்ளிருந்து கேட்கும்போது நம் குரல் நிறைவாக இருக்கும், பதிவில் மெலிந்து தெரியும். அந்த மெலிந்த குரலைத்தான் உங்கள் வீட்டார் இத்தனை வருடமும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் யாரும் அரை நிமிடத்தில் எழுந்து போய்விடவில்லை. பழகிக்கொள்ள வேண்டியது நீங்கள் ஒருவர்தான், அதற்கு வழி மறுபடி மறுபடி கேட்பது.

இப்போது கேசட். என் இருபதுகளில் பார்வையற்ற ஒருவருக்குப் பாடப்புத்தகங்களைப் படித்துப் பதிவுசெய்து கொடுத்துவந்தேன். முதுகலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 90 நிமிடக் கேசட், பக்கத்துக்கு 45 நிமிடம். உள்ளேயே மைக் வைத்த சின்ன ரெக்கார்டர். அதை மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு உரக்கப் படிப்பேன். முதல் கேசட்டைக் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: “தம்பி, உன் குரல் கேக்குது. உன் ரூம் அதைவிட நல்லாக் கேக்குது.”

எனக்குப் புரியவில்லை. அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அறையில் கட்டில் மெத்தை எதுவும் இல்லை, ரெக்கார்டர் வெறும் பலகையில் இருக்கிறது, நான் எட்டி உட்கார்ந்திருக்கிறேன், எனக்குப் பின்னால் சுவர் கிட்டத்திலேயே இருக்கிறது. எல்லாம் சரி. அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

அவர் சொன்னபடி போர்வையை நாலாக மடித்து ரெக்கார்டருக்கு அடியில் போட்டேன். துணி அலமாரியின் கதவுகளை விரியத் திறந்து, தொங்கும் துணிகளைப் பார்த்து உட்கார்ந்தேன். நடுவில் ரெக்கார்டர், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். முதுகுக்குப் பின்னால் கொடியில் இன்னொரு கனத்த போர்வை. அடுத்த கேசட்டைக் கேட்டபோது அண்ணன், “இப்பதான் பக்கத்துல வந்து உக்காந்திருக்க” என்றார்.

நீங்கள் நான்கு மாதம் தேடியது இதில் இருக்கிறது. சற்று நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் உங்கள் குரல் மோதித் திரும்ப 12 மில்லிநொடி போதும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் வரும் எதிரொலியைக் காது தனியாகப் பிரித்துச் சொல்லாது, குரலோடு சேர்த்துக் குழைத்துவிடும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்கிறோமே, அது இதுதான். மின்விசிறி இரைச்சல் ஒரே சீராக ஓடுவது. பதிவின் தொடக்கத்தில் ஐந்தாறு நொடி பேசாமல் விட்டுவைத்தால், மென்பொருள் அந்த இரைச்சலை அடையாளம் கண்டு மற்ற இடங்களிலும் குறைத்துவிடும். எதிரொலி அப்படி இல்லை. அதுவும் உங்கள் குரல்தான். குரலிலிருந்து குரலைப் பிரித்தெடுக்க முயன்றால் மிஞ்சுவதும் சிதைந்துதான் வரும். பதிவின்போதே தடுத்தால் உண்டு.

தூரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் பதிவில் உங்கள் குரலின் அளவு 6 டெசிபெல் (ஒலியளவின் அலகு) ஏறும். சுவரிலிருந்து திரும்பும் ஒலி அநேகமாக அப்படியே இருக்கும். ஒரு காசும் செலவில்லாமல் அறை பின்னால் போய்விடும். ரொம்ப நெருங்கினால் ‘ப’வில் தொடங்கும் சொற்களில் காற்று மைக்கில் மோதிப் படபடக்கும். அதற்கு மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

நீங்கள் கேட்ட இரண்டு வகையில் கண்டென்சர் நுட்பமான காது உள்ளது. வெறுஞ்சுவர் அறையில் அதை வைத்தால் உங்கள் சுவரைத் துல்லியமாகப் பதிவுசெய்து தரும். ஃபோம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுவதற்கென்று விற்கும் மெல்லிய ஃபோம் கூர்மையான மேல் ஒலிகளை மட்டும் குடிக்கும். கீழ் ஒலிகள் அறையில் அப்படியே சுற்றிவந்து குரலை மந்தமாக்கும். தெருச் சத்தத்தையும் அது தடுக்காது. சத்தத்தைத் தடுக்கக் கனமும் இடைவெளியில்லாத அடைப்பும் வேண்டும், ஃபோமில் இரண்டும் கிடையாது. மெத்தை, கனத்த போர்வை, துணி நிறைந்த அலமாரி, புத்தக அடுக்கு. உங்களிடம் புத்தக அடுக்கு இல்லாமலா இருக்கும்?

சரி, செயற்கைக் குரல். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, ஒரு தத்துவப் பாடத்தைப் படித்துக் கொடுத்தேன். அறை சரியாக இருந்தது, தூரம் சரி, ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அண்ணன் கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “பாதிக்கு மேல நீ புரியாமப் படிச்சிருக்க தம்பி. குரல் மட்டும் போகுது, நீ கூடப் போகல. என்னன்னு பாத்துட்டு மறுபடி படிச்சுக் குடு.” உண்மை. அந்தப் பக்கங்களில் என் கண்ணும் வாயும்தான் வேலை செய்தன. எனக்கு அது தெரியும், வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

பிற்காலத்தில் அவரும் கணினியில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துக்கொண்டார். செய்தி, படிவம், மின்னஞ்சல் எல்லாவற்றையும் அந்தச் செயற்கைக் குரலில், நம்மால் பின்தொடர முடியாத வேகத்தில் கேட்பார். அதை அவர் குறைசொல்லி நான் கேட்டதில்லை. யார் துணையும் இல்லாமல் படிக்க அவருக்குக் கிடைத்த வழி அது. அப்படிப்பட்ட இடத்தில் அந்தக் குரலை நானும் வணங்குவேன். உங்கள் வேலை வேறு. ஒரு புத்தகம் உங்களுக்குள் என்ன செய்தது என்று சொல்ல வருகிறீர்கள். அதைச் சொல்லும்போது வரும் தயக்கம், ஒரு பெயரைச் சொல்லும்போது ஏறும் வேகம், பிடித்த வரியைச் சொல்லிவிட்டு விடும் மூச்சு, இவற்றை எல்லாம் துடைத்துவிட்டு வழவழவென்று ஒன்றைக் கொடுக்க எப்படி அம்மா மனம் வந்தது உங்களுக்கு? கேட்பவர்களுக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கேசட்டைத் திருப்பும்போது, கடைசியில் மிஞ்சியிருக்கும் இடத்தில் அண்ணன் இரண்டு மூன்று நிமிடம் பேசி வைப்பார். எந்தப் பக்கம் தெளிவாக இல்லை, அடுத்து எது வேண்டும் என்று. நான் கேட்டுவிட்டு அதன் மேலேயே அடுத்த பாடத்தைப் பதிவுசெய்துவிடுவேன். வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. எப்படியோ ஒன்று தப்பியிருக்கிறது. அண்ணன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. உங்கள் கடிதம் வந்தபோது நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்த இரண்டு நிமிடம்.

மேசையில் விரலால் தட்டிக்கொண்டே பேசுகிறார். ஒரு சொல்லைத் தொடங்கி, நிறுத்தி, வேறொன்றை எடுக்கிறார். ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ரெக்கார்டர் அது. அவர் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் விசிறிச் சத்தம் மெல்ல மேலேறி வருகிறது, பேசத் தொடங்கியதும் பின்வாங்குகிறது. பேசாமல் இருந்த ஒரு மூன்று நொடியைத் தேர்ந்தெடுத்தேன். அந்த இரைச்சலை ஆடாசிட்டியிடம் காட்டினால் முடிந்தவரை எடுத்துவிடும். எடுக்கவில்லை. அப்படியே சேமித்துவைத்தேன்.

மைக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் ஆறு பகுதிகளைப் போனிலேயே செய்யுங்கள். கையில் பிடிக்காதீர்கள், எதன் மேலாவது நிறுத்தி வையுங்கள், விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். அப்புறமும் பணம் இருந்தால் முதலில் காதை மூடும் ஹெட்போன், அதற்கடுத்து, கண்டென்சர் அளவுக்கு நுட்பமான காது இல்லாத, நேரே யூஎஸ்பியில் செருகும் டைனமிக் மைக். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இன்று இரவே துணி அலமாரியைத் திறந்து வைத்து, கடைசியாகப் படித்த புத்தகத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள். ஒருமுறை முழுதாகக் கேளுங்கள், எதையும் வெட்டாமல் எனக்கு அனுப்புங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.