டிரெய்லரிலிருந்து பாய்மரப் படகை இறக்குவது: கேட்டலினா 22 கேள்வி பதில்

அமெரிக்காவில் 1969-இல் வந்த பாய்மரப் படகு கேட்டலினா 22, அதன் சுழல் கீல் மாடல் பற்றியவை இந்தக் கேள்விகள். கீல் என்பது படகின் அடியில் இருக்கும் கனமான தகடு; இந்த மாடலில் அது மேலும் கீழும் சுழலும். படகு ஏறத்தாழ ஒரு டன். அதில் வார்ப்பிரும்புக் கீல் மட்டும் 550 பவுண்டு, அதாவது 250 கிலோ.

சார், கீல் சுழலும் அச்சாணியான பின் (pin) தேய்ந்து லொடலொடவென்று ஆடுகிறது. டிரெய்லரில் வைத்தே மாற்றிவிடலாமா?

முடியாது. கீல் டிரெய்லரின் குறுக்குச் சட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை நேராகக் கீழே இறக்க இடம் வேண்டும். படகை உயர்த்தி டிரெய்லரை உருவியே ஆக வேண்டும்.

எந்த இடத்தில் முட்டுக் கொடுப்பது?

உள்ளே குறுக்குச் சுவர் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே. மர நுனியால் வெளியே தட்டிப் பாருங்கள்: சுவர் இருக்கும் இடம் கெட்டியாகவும் மற்ற இடம் காலியாகவும் ஒலிக்கும். காலியான இடத்தில் முட்டு வைத்தால் ஃபைபர் உள்வாங்கும். முட்டு வைத்த பிறகு உள்ளே போய்க் கேபின் கதவுப் பலகையைப் போட்டு எடுங்கள். இறுகினால் படகு முறுக்கிக்கொண்டு நிற்கிறது; முட்டுக் கொடுத்த இடத்தை மாற்றுங்கள்.

அண்ணா, கிரேன் இல்லை. வீட்டு வாசலிலேயே செய்ய வழி உண்டா?

உண்டு. அவசரம் மட்டும் ஆகாது. சமமான சிமெண்ட் தரை வேண்டும். வெயிலில் இளகும் தார்த் தரை வேண்டாம். பாய்மரம், மோட்டார், பேட்டரி, நங்கூரம், சுக்கான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, உள்ளே தேங்கிய தண்ணீரையும் வடியுங்கள். சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள்.

டிரெய்லரின் முன்முனையில், கொக்கிப் பக்கம் இருக்கும் ஜாக்கியை முழுக்க இறக்கினால் படகின் பின்பக்கம் உயரும். அதன் கீழே 10 அடி உத்தரத்தைக் குறுக்கே கொடுத்து, இரு முனைகளையும் டிரெய்லருக்கு வெளியே கட்டை அடுக்கில் நிறுத்துங்கள். படகின் அடி வளைந்தது, உத்தரம் நேரானது. இடைவெளியை ஆப்புக் கட்டைகளால் நிரப்பிக் கம்பளத் துண்டு வையுங்கள். இனி ஜாக்கியை ஏற்றுங்கள்: டிரெய்லரின் பின்பக்கம் தாழும், படகு உத்தரத்தில் தங்கும், அணியம் (படகின் முன்முனை) உயரும். அணியத்தின் கீழும் அதேபோல் ஒரு உத்தரம். டிரெய்லரை முன்னால் இழுக்கும்போது சக்கரங்கள் இந்த உத்தரத்தின் அடுக்குகளுக்கு நடுவே போக வேண்டும் என்பதால் இங்கேதான் அகலம் முக்கியம். மட்கார்டு இடித்தால் கழற்றிவிடுங்கள்.

அணியம் கட்டையில் அழுத்தமாக உட்கார்ந்த பிறகு படகை டிரெய்லரோடு பிடித்திருக்கும் வின்ச் பட்டையை அவிழுங்கள். மறந்து ஜாக்கியை இறக்கினால் டிரெய்லர் படகையும் சேர்த்து இழுத்துவிடும்.

கீலின் அடி டிரெய்லரின் அச்சையும் குறுக்குச் சட்டங்களையும் தாண்டும்வரை ஹைட்ராலிக் ஜாக்கியால் ஒரு முனை, பிறகு மறுமுனை என்று உயர்த்துங்கள். ஒரு முறைக்கு ஓர் அங்குலம், உடனே கட்டை. ஜாக்கியின் சீல் விட்டுப்போனால்கூடப் படகு ஓர் அங்குலத்துக்கு மேல் விழக்கூடாது. அடுக்கின் உயரம் அடி அகலத்தைப் போல் மூன்று மடங்கைத் தாண்டவே வேண்டாம்.

ஹாலோ பிளாக் போதாதா?

வேண்டவே வேண்டாம். மரம் நசுங்கும்போது முனகி எச்சரிக்கும். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

கிரேன் கிடைத்தால்?

இரண்டு பெல்ட்: ஒன்று கீலுக்கு முன்னால், ஒன்று பின்னால். சறுக்காதபடி இரண்டையும் கயிற்றால் இணையுங்கள். மேலே அகலச் சட்டம் இல்லாவிட்டால் பெல்ட் படகின் விளிம்பை நெரிக்கும். கோணத்தைக் கவனியுங்கள்: பெல்ட்டின் இரு கால்களும் கிடைமட்டத்துக்கு 60 பாகையில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் சுமையில் 58 சதவீதம், 30 பாகைக்குச் சரிந்தால் ஒவ்வொன்றிலும் முழுச் சுமை.

பக்கவாட்டு ஸ்டாண்டு எத்தனை?

குறைந்தது நான்கு. எடையைச் சுமப்பது உத்தரங்கள். ஸ்டாண்டு படகு சாயாமல் பிடிக்க மட்டும். எதிரெதிர் ஸ்டாண்டுகளைச் செயினால் பிணையுங்கள், இல்லையேல் கால் வெளியே நழுவும். மண் தரையானால் அடியில் முக்கால் அங்குலப் பிளைவுட். தார்ப்பாயை ஸ்டாண்டில் கட்டாதீர்கள். காற்று பிடித்தால் ஸ்டாண்டையே பிடுங்கிவிடும்.

பின்னைக் கழற்றும்போது கீல் விழாதா?

தாங்காவிட்டால் விழும். போல்ட்டைத் தொடுமுன் கீலின் இரு முனையிலும் ஜாக்கியும், பக்கத்திலேயே கட்டை அடுக்கும் இருக்க வேண்டும். கை, தலை எதுவும் அடியில் போகக்கூடாது. கீல் வெளியே வந்ததும் 250 கிலோ குறைந்து படகு லேசாக எழும்பும், ஸ்டாண்டுகள் தளரும். திருகுகளைக் கையிறுக்கமாக மீண்டும் முறுக்குங்கள். கீலை மாட்டிய பிறகும் ஒருமுறை சுற்றிவந்து ஒவ்வொன்றையும் ஆட்டிப் பாருங்கள்.