பல்சக்கரம் வெட்டும் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

பழங்காலக் கணிப்புக் கருவிகளை மறுபடி செய்கிறேன் என்று மகள் எந்நேரமும் பல்சக்கரம் வெட்டிக்கொண்டிருக்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டுமே பிழைப்பாக அமைவது அபூர்வம். அருங்காட்சியகங்களில் அதற்கான இடங்கள் மிகக் குறைவு. அதே கைத்திறனுக்கு இயந்திரப் பொறியியலிலும் கருவியியலிலும் துல்லிய அளவீட்டுத் துறையிலும் மதிப்பு உண்டு. ஆகவே பட்டம் இயந்திரப் பொறியியலாக இருக்கட்டும். பழம்பொருள் பாதுகாப்பை மேற்படிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அவளுக்குத் தேவை, முழுதாக முடித்த ஒரு வேலை. கிரேக்கக் கடலிலிருந்து 1901-இல் எடுத்த, வானியல் கணிக்கும் பழங்கால ஆன்டிகிதெரா கருவியில் 30 சக்கரங்கள்தான் மிஞ்சின. கோள்களைக் காட்டிய பகுதி பெரும்பாலும் அழிந்துவிட்டதால் அங்கே ஊகம்தான் அதிகம். அதை விட்டுவிட்டு, நிலாவுக்கான ஆறு சக்கரங்களை மட்டும் செய்யச் சொல்லுங்கள்: 64 பல் சக்கரம் 38 பல் சக்கரத்தை ஓட்டும், 38 இருக்கும் அச்சிலேயே உள்ள 48, 24-ஐ ஓட்டும், 24-உடன் சேர்ந்த 127, 32-ஐ ஓட்டும். முதல் அச்சின் ஒரு சுற்றை ஓர் ஆண்டாக வைத்தால், 19 ஆண்டில் நிலா ராசிச் சக்கரத்தை 254 முறை சுற்றும் கணக்கு இதில் அப்படியே வந்துவிடும்.

மாட்யூல் (சக்கரத்தின் விட்டத்தைப் பல் எண்ணிக்கையால் வகுத்தது) 1 மி.மீ. என்றால் அச்சு இடைவெளிகள் 51, 36, 79.5 மி.மீ. ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ. கூட்டித் துளையிட வேண்டும். 127 பகா எண் என்பதால் வழக்கமான இண்டெக்ஸிங் பிளேட்டால் (வட்டத்தைச் சம பாகமாகப் பிரிக்க உதவும் துளைத்தட்டு) பிரிக்க வராது. லேசரில் வெட்டுவதே எளிது.

முதல் அச்சைச் சுற்றும் கைப்பிடி கனமாக இருந்தால் உடனே அரத்தை எடுக்கக் கூடாது. கடைசி அச்சு 13.37 மடங்கு வேகமாகச் சுழல்வதால், அங்குள்ள சிறு உராய்வும் அத்தனை மடங்கு பாரமாகக் கைக்கு வரும். கடைசி அச்சைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் இறுகினால் நடுத்துளை விலகியிருக்கிறது. சுற்று முழுதும் இறுகினால் அச்சு இடைவெளி குறைவு.

பிறகு முதல் அச்சிலும் கடைசி அச்சிலும் குறியிட்டு, முதல் அச்சை 19 சுற்று சுற்றட்டும். இரண்டு குறிகளும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். கடைசிக் குறி 11¼ பாகை விலகினால் கடைசி ஜோடியில் ஒரு பல் தாவியிருக்கிறது. சுமார் 60 என்றால் நடு ஜோடி, 75 என்றால் முதல் ஜோடி. இந்த அளவுகளையும் திருத்தியதையும் நாள்வாரியாக நோட்டில் எழுதட்டும். கல்லூரி நேர்காணலுக்குப் பொம்மையைவிட அந்த நோட்டுதான் முக்கியம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பட்டறைக்குள் போய், முதலாண்டு மாணவர்களை மில்லிங் மெஷினில் கைவைக்க விடுகிறார்களா என்று கேளுங்கள்.