வாரம் ஒரு தலைப்பு போட்டோ சவாலில் ஐந்து வாரமும் கடலையே எடுத்துவிட்டேன். ஆறாவது தலைப்பு ‘ஈரம்’. தொடரலாமா, விலகிவிடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைப் பக்கம். கையில் போன் மட்டும். பன்னிரண்டு பேர் குழு. ஞாயிறு காலை தலைப்பு வரும், சனி இரவுக்குள் ஆளுக்கு ஒரு படம், பிறகு மற்றவர்களில் மூன்று பேர் படத்துக்காவது கருத்து எழுத வேண்டும். உங்கள் படத்துக்கு வந்தவை: இரண்டு ‘சூப்பர்’, ஒரு ‘திரும்பவும் கடலா?’. இந்த வாரம் ‘ஈரம்’ என்றதும் ஒருவர், “தண்ணியில்லாக் காட்டுல ஈரத்துக்கு எங்க போவீங்க?” என்று சிரித்திருக்கிறார்.

விலக வேண்டாம். காரணம் சொல்வதற்கு முன் அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில்; கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். “ராமநாதபுரத்துக்கு மாத்திருவேன்” என்பது ஒரு மிரட்டலாகவே புழங்கும் மாநிலம் இது. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் நிறைந்து கிடப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படி மிரட்டுகிறவர்கள் பேசட்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறின. நீர்ப்பறவைகள் வந்து கூடு கட்டும் இடங்கள் அவை. குடிதண்ணீர்க் கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. வடக்கே வாடை அடித்தால் கொந்தளிக்கும் கடல், தெற்கே சோழகக் காற்று வந்தால் கொந்தளிக்கும் கடல், நடுவில் கண்மாய்கள் என்று இருக்கும் மாவட்டத்துக்குக் காடு என்று பெயர் வைத்தவர் யார் என்றுதான் கேட்கிறேன். சரி, விட்டுவிடுவோம்.

ஐந்து வாரம் கடல் எடுத்தது தவறே இல்லை. தலைப்பு வந்தவுடன் ‘எந்த இடத்துக்குப் போகலாம்’ என்று யோசித்திருப்பீர்கள், அங்கேதான் சறுக்கியிருக்கும். இடம் என்று யோசித்தால் நம் பக்கம் எல்லோருக்கும் வருவது மூன்றுதான்: தனுஷ்கோடி அரிச்சல்முனை, பாம்பன் பாலம், ஏதாவது ஒரு கரையில் சூரியன். தலைப்பு வந்த அன்று போனைத் தொடாமல் ஒரு தாளில் அந்தச் சொல்லுக்குப் பதினைந்து பொருள்களை எழுதுங்கள். ஈரம் என்றால் முதல் ஐந்து அலை, மழை, இலைமேல் துளி, நனைந்த முடி, கண்ணீர் என்று வரும். அந்த ஐந்தையும் அடித்துவிடுங்கள். மீதிப் பதினோரு பேருக்கும் அவைதான் முதலில் தோன்றியிருக்கும். எட்டாவதுக்கு மேல் எழுதத் திணறும்போது வருகிறதே, அதுதான் உங்கள் ஊர்.

அப்படி வரக்கூடியவற்றில் எனக்கு முதலில் நிற்பது ஊற்று. தனுஷ்கோடி மணலில், கடலுக்குச் சில பத்து அடி தள்ளி, கையால் பறித்த குழியில் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைவு என்பதால் மணலுக்கடியில் கடல்நீர்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புத் தட்டிவிடும், அதனால் குழி ஆழமில்லாமலே இருக்கும். கொட்டாங்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிறைப்பார்கள். ‘ஈரம்’ என்ற சொல்லுக்கு இதைவிட நேரான படம் தெரியவில்லை. எடுப்பது மட்டும் சுலபமில்லை. சுற்றிலும் மணல் வெளிறி இருக்கும், குழி இருட்டாக இருக்கும். எட்டு மணிக்கு மேல் போனால் போன் இரண்டில் ஒன்றைக் கைவிட்டுவிடும்: மணல் வெள்ளைக் காகிதமாகும், இல்லாவிட்டால் தண்ணீர் கறுப்பாகும். ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் போங்கள். குழிக்கு நேர்மேலே போனை நீட்டினால் உங்கள் தலையும் போனும் தண்ணீரில் தெரியும். ஒரு முழம் பின்வாங்கி, சாய்வாக, வானம் பிரதிபலிக்கும் கோணத்தில் பிடியுங்கள். தண்ணீருக்கடியில் மணல் தெரிய வேண்டுமென்றால் போலராய்டு கறுப்புக் கண்ணாடியை லென்ஸ் முன் வைத்து மெல்லச் சுழற்றுங்கள், ஒரு கோணத்தில் பளபளப்பு அடங்கும். (கேமராக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். போலரைசர் ஃபில்டர் இதைவிட நன்றாகச் செய்யும் என்று தெரியும். கேட்டவரிடம் அது இல்லை.)

இரண்டாவது, பனிக்கட்டி. படகுகள் கரை சேரும் இடத்தில் விடியுமுன் ஐஸ் உடைப்பார்கள். மீன்பெட்டியின் மூலையிலிருந்து சொட்டும் தண்ணீர், நனைந்த சாக்கு, ஐஸ் வாரும் கை எல்லாம் ஈரம்தான். அங்கே குழல்விளக்கு வெளிச்சம்தான் இருக்கும், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50 நொடியைவிட நீண்டால் கை அசைவு குழம்பும். ஒன்று, போனைக் கம்பத்தில் சாய்த்துப் பிடித்து 1/15இல் கை மட்டும் கலங்க விடுங்கள். அல்லது ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வை, 1600 வரை ஏற்றி 1/100இல் உறையவையுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால் தவறுதலாகக் கலங்கிய படம் போலத்தான் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், இந்தப் படம் அப்போது கிடைப்பது கஷ்டம். ஆனால் ‘ஓய்வு’, ‘காத்திருப்பு’, ‘பழுது’ மாதிரித் தலைப்பு அந்த இரண்டு மாதத்தில் வந்தால் யோசிக்கவே வேண்டாம்.

மூன்றாவது, கடல்பாசி எடுக்கும் பெண்களின் விரல்கள். பாறையில் கிழியாமலிருக்கத் துணி சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். கரையேறும்போது அந்தத் துணி ஊறிப்போய் இருக்கும். இதைச் சொல்லத் தயங்கினேன், ஏனென்றால் கேட்காமல் எடுக்கிறவர்கள் ஏற்கெனவே அதிகம். முதலில் போய்ப் பேசுங்கள். “அக்கா, கையை மட்டும் எடுத்துக்கவா, முகம் வராது” என்று கேளுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் கண்முன்னாலேயே அழியுங்கள். அவர்கள் தண்ணீரில் இருக்கும்போது கரையிலிருந்து ஜூம் போட்டு எடுப்பது எனக்கு உடன்பாடில்லை; நனைந்த உடையில் இருக்கிறார்கள். ‘தெருப் படத்துக்கு அனுமதி தேவையில்லை’ என்று சட்டம் பேச வருகிறவர்களுக்கு: இது தெரு இல்லை, அவர்கள் வேலை செய்யும் இடம். தீவுப் பக்கம் படகேறிப் போகும் எண்ணமும் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அனுமதியின்றிக் கால் வைக்க முடியாது. டிரோனையும் மறந்துவிடுங்கள், உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது.

வெளிச்சத்தைப் பற்றி நம் கரைக்கே உரிய சில கணக்குகள் உண்டு, வெளியூர்க் குறிப்புகளை நம்பினால் ஏமாறுவீர்கள். நாம் ஏறக்குறைய 9 பாகை வடக்கில் இருக்கிறோம், சூரியன் செங்குத்தாக இறங்கும். மறைந்தபின் நீல வெளிச்சம் அரை மணி நேரம்கூட நிற்காது. ஐரோப்பாக்காரர் காணொளியில் ஒரு மணி நேரம் சாவகாசமாக எடுப்பதைப் பார்த்துவிட்டு இங்கே முக்காலியை விரித்துக்கொண்டிருந்தால் இருட்டிவிடும். அரிச்சல்முனையில் அந்தி எடுக்கத் திட்டமே போடாதீர்கள், இருட்டுமுன் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும், பகல் 12.15 வாக்கில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. ‘நிழல்’ தலைப்பு அந்த வாரத்தில் வந்தால் நிழலில்லாத கம்பை எடுத்து அனுப்பலாம், வடக்கே தூரத்து ஊர்க்காரர்களால் அன்று அதைச் செய்ய முடியாது. நீளமான நிழல்தான் வேண்டுமென்றால் அதே வாரத்தில் காலை ஏழு மணிக்கு ஆள் உயரத்தின் நாலு மடங்கு கிடைக்கும். எட்டு மணிக்கு இரண்டு மடங்குகூட இருக்காது.

வெள்ளைப் பரப்பு இன்னொரு வம்பு. வாலிநோக்கம் உப்பளத்திலோ மணல்மேட்டிலோ எடுத்தால் படம் அழுக்குச் சாம்பலாக வரும். கேமராவும் போனும் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும் என்பதால்தான் அது. போன் திரையில் உப்பின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். கேமராவில் என்றால் வெளிச்சத் திருத்தத்தை +1 முதல் +1.7 வரை வையுங்கள். குவியலின் உச்சியில் பொடிப்பொடியாக உப்புக்கல் தெரியும் வரைக்கும்தான், அது மறைந்தால் அதிகம். இதைப் பின்னால் திருத்தத்தில் ஏற்றிக்கொள்ளலாமே என்பார்கள். ஏற்றலாம், நிழல்பக்கம் புள்ளிபுள்ளியாகக் கெட்டுவிடும்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது? ஞாயிறு தாளும் பேனாவும். திங்கள், செவ்வாய் வேலைக்குப் போகிற வழியில் வெறுமனே பார்வை. புதன், வியாழன் காலை இரண்டு தடவை எடுப்பு, ஒவ்வொரு தடவையும் நாற்பது படத்துக்கு மேல் வேண்டாம். வெள்ளி பத்தாகக் குறைத்து, பத்தையும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் என்ன படம் என்று புரிகிற மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு ஆறப்போட்டு சனிக்கிழமை ஒன்று. சனி மாலை அவசரமாகக் கரைக்கு ஓடுகிறவர்கள்தான் சூரியாஸ்தமனம் அனுப்புகிறார்கள். உங்கள் ஐந்து வாரமும் அப்படித்தான் போயிருக்கும் என்று யூகிக்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும்.

இனிக் கருத்து விஷயம். ‘சூப்பர்’ என்று எழுதுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நீங்கள் கேள்வி கேட்காததால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. படத்தோடு ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: “பின்னால் நிற்கும் குடம் தேவையா, வெட்டிவிடலாமா?” தலைப்பை விளக்கி முன்கூட்டி எழுதாதீர்கள். எழுதினால் படத்தை விட்டுவிட்டு உங்கள் எழுத்தைப் பாராட்டுவார்கள். வந்த கருத்துக்கு அன்றே பதில் சொல்லவும் வேண்டாம், ஒருநாள் போகட்டும். மூன்று பேர் தனித்தனியாக ஒரே மூலையைக் காட்டினால் அந்த மூலையில் கோளாறு இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய ரசனையாகவும் இருக்கலாம். ‘திரும்பவும் கடலா?’ என்பது இரண்டாவது வகை என்றுதான் முதலில் நினைத்தேன். ஐந்து படத்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், ஐந்திலும் அடிவானம் சரியாக நடுவில் ஓடினால் அவர் சொல்ல வந்தது அதுதான், சொல்லத் தெரியாமல் கடலைத் திட்டியிருக்கிறார்.

நீங்கள் எழுத வேண்டிய மூன்று கருத்துகளைக் கடமைக்கு எழுதாதீர்கள். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். கண் முதலில் எங்கே போனது, அங்கிருந்து எங்கே போனது, எது வழிமறித்தது என்று பார்த்த வரிசையிலேயே எழுதினால் போதும். உதாரணமாக: “முதலில் கயிற்றின் முடிச்சைப் பார்த்தேன். அங்கிருந்து கைக்கு வந்தேன். வலப்பக்கத்து நீல வாளி இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஓரடி இடப்பக்கம் நகர்ந்து எடுத்திருந்தால் வாளி கைக்குப் பின்னால் மறைந்திருக்கும்.” இதில் பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை, எடுத்தவருக்கு அடுத்த தடவை எங்கே நிற்பது என்று தெரியும். ‘ஆழம் இல்லை’, ‘உயிர் இல்லை’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. அடுத்தவர் படத்தில் நீல வாளியைக் கண்டுபிடிக்கப் பழகிய கண்ணுக்கு, தன் படத்தில் எடுக்கும்போதே அது தெரிந்துவிடும். விலக வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இது ஒன்றுதான். வரும் கருத்துக்காக அல்ல.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டால் நசுக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். நீளப் பக்கம் 2048 பிக்சல் போதும், நிற வகை எஸ்ஆர்ஜிபி. இல்லையென்றால் மற்றவர் திரையில் வெளிறும். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரை எடுத்தால் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள்.

உப்புக்காற்றில் போன் லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, உப்புத்தூள் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் உலர்துணி. ஏசி காரிலிருந்து இறங்கினால் லென்ஸ் வியர்க்கும். இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

ஊற்றை எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், செருப்பைப் பத்தடி தள்ளியே கழற்றிப் போட்டுவிட்டு நடங்கள். குழியின் விளிம்பை மிதித்தால் மணல் சரிந்து தண்ணீர் கலங்கிவிடும், தெளிய நேரமாகும். குடத்தோடு வந்தவர் அதுவரை காத்து நிற்க வேண்டியிருக்கும்.