வேல்ஸ் நாடாளுமன்றத்தில் தீர்மானம் நிறைவேறினால் அது சட்டமாகிவிடுமா?

ஆகாது. தீர்மானம் என்பது 'இது எங்கள் கருத்து' என்று உறுப்பினர்கள் வாக்களித்துச் சொல்வது. முன்னாள் படைவீரர்களுக்குக் கூடுதல் ஆதரவு தேவை என்று, வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் தீர்மானம் நிறைவேறினாலும், பொதுவாக அது அரசைக் கட்டுப்படுத்தாது. சட்டத்துக்கு மசோதா வேண்டும். அது பல கட்ட விவாதங்களைத் தாண்டி மன்னரின் ஒப்புதலையும் பெற வேண்டும். 2050-க்குள் வெல்ஷ் மொழி பேசுவோரைப் பத்து லட்சமாக்கும் இலக்கு 2025-இல் அப்படித்தான் சட்டத்தில் ஏறியது.

வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று குடும்பமே தலையாட்டுவது தீர்மானம். பெயின்டரிடம் முன்பணம் கொடுப்பது சட்டம். தலையாட்டலோடு நின்ற வீடுகள் ஏராளம்!

ராணுவம் லண்டனில் உள்ள பிரிட்டன் அரசின் பொறுப்பு என்பதால் முன்னாள் வீரர்கள் விஷயத்தில் வேல்ஸுக்கு வேலையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த வீரர்களுக்கான மருத்துவமும் வீட்டு வசதியும் கார்டிஃபின் கையில்தான் இருக்கின்றன.