மாடியறையில் மொரப்பூர் ரயில்: கேள்வி பதில்

தருமபுரி வீட்டு மாடியறையில் மொரப்பூர்–தருமபுரி குறுகிய பாதையை மாதிரியாக அமைத்து வருகிறேன். 1906இல் ஓடத் தொடங்கி, பின்னர் ஓசூர்வரை நீண்டு, 1941இல் மூடப்பட்ட பாதை அது. அதே வேலையில் இறங்கியிருக்கும் நண்பர்களின் கேள்விகளுக்கு என் பதில்கள்.

பாலக்கோடு: ஐயா, அந்தப் பாதை இரண்டரை அடி அகலம். மாதிரிக்கு எந்தத் தண்டவாளம் வாங்குவது?

இரண்டரை அடி என்பது 762 மி.மீ. நிஜத்தில் 87இல் ஒரு பங்காக, அதாவது 1:87 அளவில் செய்வதால், 87ஆல் வகுத்தால் 8.76 வரும். எனவே 9 மி.மீ. அகலத் தண்டவாளம் போதும். இன்னும் சிறிய மாதிரி ரயில்களுக்கான 'என்' (N) அளவுத் தண்டவாளமும் 9 மி.மீ. தான், ஆனால் அதன் சிலீப்பர் கட்டைகள் சிறியவை, நெருக்கமானவை. குறுகிய பாதைக்கென்றே செய்ததை வாங்குங்கள்.

ஓசூர்: மேசையின் மறுகோடியில் எஞ்சின் ஊர்கிறது. தடம் இரண்டாகப் பிரியும் பாயிண்ட்டைக் கடக்கும்போது நின்றேவிடுகிறது. எஞ்சின் கெட்டுவிட்டதா?

எஞ்சினைத் திட்டாதீர்கள். இவை இரண்டு தனித்தனி நோய்கள்.

முதலாவது, தண்டவாள இணைப்புத் தகடுகளை நம்பி மின்சாரத்தை அனுப்புவது. நாளடைவில் அவை கறுத்து, தளர்ந்து, வோல்டேஜைத் தின்றுவிடும். எஞ்சின் ஓடும்போதே மல்டிமீட்டரால் இரு கோடிகளிலும் அளந்து பாருங்கள். பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. வீட்டு வயர் இரண்டை முழு நீளத்துக்கும் இழுத்து, மீட்டருக்கு ஒருமுறை அவற்றிலிருந்து இரு தண்டவாளங்களுக்கும் மெல்லிய வயரைச் சால்டர் செய்யுங்கள். வெளித் தண்டவாளத்துக்குச் சிவப்பு, உள்ளதற்குக் கறுப்பு என்று வைத்துக்கொண்டால் கடைசிவரை மாற்றாதீர்கள். ஓர் இரவு கறுப்பு தீர்ந்துபோக, 'இந்த ஒன்றுதானே' என்று சிவப்பையே போட்டேன். ஷார்ட் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு நாளாயிற்று.

இரண்டாவது, பாயிண்ட்டின் நடுவே தண்டவாளங்கள் குறுக்கிடும் 'ஃபிராக்' முனை பிளாஸ்டிக்காக இருப்பது. நான்கு சக்கரக் குட்டி எஞ்சினின் சக்கரம் அதில் ஏறியதும் மின்தொடர்பு அறுந்துவிடும். உலோக ஃபிராக் உள்ள பாயிண்ட்டுக்கு மாறுங்கள். பாயிண்ட் நகரும்போதே ஃபிராக்கின் மின்முனையும் மாறும்படி ஒரு மைக்ரோ ஸ்விட்சை இணையுங்கள். ஃபிராக்கிலிருந்து புறப்படும் இரு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பு போட மறந்தால் ஷார்ட் நிச்சயம்.

காவேரிப்பட்டணம்: ரயில் சுற்றித் திரும்பி வந்த தடத்திலேயே சேரும்படி வளையம் போட்டேன். உடனே ஷார்ட் ஆகிறது.

இடது தண்டவாளம் சுற்றிவந்து வலதைத் தொடுகிறதே! வளையத்தின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டித் தனித்தடமாக்கி, அதன் மின்முனைகளை இடம் மாற்ற ஒரு டிபிடிடி (DPDT) ஸ்விட்ச் வையுங்கள். தனித்தடம் ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும்.

ஊத்தங்கரை: தரைக்கு நம் வயல் மண்ணையே தூவலாமா?

தாராளமாக. நம் செம்மண் நிறத்தில் ஒரு பொடி எந்தக் கடையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பழைய வாணலியில் சூடாக வறுத்தால் பூச்சி சாகும். ஆறியபின் துணியில் சலித்து, காந்தத்தை அதன்மீது இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். ஒட்டிக்கொள்ளும் கருந்துகளை அப்படியே விட்டால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். மண்ணை ஒட்டும் பசைக்கு, ஃபெவிகாலுக்குச் சமமாகத் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம். பசை காய்ந்ததும் மண் கருக்கும் என்பதால் ஒரு சாயல் வெளிறிய மண்ணாக எடுங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குன்றுகள் உருண்டைப் பாறைகள். வெளிநாட்டுப் பாறை அச்சுகளில் வருவதோ அடுக்கடுக்கான செங்குத்துப் பாறை. தெர்மாகோலை உருட்டிச் செதுக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசுங்கள். பொட்டலத்தில் வரும் ஊசியிலை மரங்களைத் தயவுசெய்து நடாதீர்கள். மூங்கில் குச்சியில் காகித ஓலை ஒட்டிய பனைமரம் ஒன்று போதும், ஊர் வந்துவிடும்.

மொரப்பூர்: ஸ்ப்ரே பெயிண்ட் அடித்ததும் மலை உருகிவிட்டது!

அந்தப் பெயிண்ட்டின் கரைப்பான் தெர்மாகோலைத் தின்னும். தண்ணீரில் கரையும் பெயிண்ட்டைத் தூரிகையால் பூசுங்கள்.

தருமபுரி: சித்திரை வெயிலில் தண்டவாளம் பாம்பாக நெளிந்துவிட்டது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையா? 20 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் தண்டவாளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நீளும். ஆனால் எல்லா இணைப்பையும் சால்டர் செய்து இறுக்கிவிட்டால் அத்தனையும் ஒரே இடத்தில் பிதுங்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக, விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். அந்த இணைப்புகளில் மின்சாரம் தடைப்படுமே என்று பயப்பட வேண்டாம். ஓசூர் நண்பருக்குச் சொன்ன வயர்களை ஒவ்வொரு துண்டுக்கும் கொடுத்துவிடுங்கள்.